கண்ணை மூடிக்கொண்டு பார்க்க வேண்டிய நடிகை

1984 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் ஏபிசி தொலைக்காட்சியில் ‘மதர் அண்ட் சன்’ தொடங்கியபோது, தாய் மேகியாக நடித்த ரூத் கிராக்னெலுக்கு 58 வயது. மகன் ஆர்தராக நடித்த கேரி மெக்டொனால்டுக்கு 35. இடையில் 23 வருடம். அம்மா, பிள்ளை என்று சொல்ல அது போதும். ஆனால் மேகி 58 வயதுக்காரி இல்லை. ஞாபகம் கைநழுவத் தொடங்கிய, வீட்டுச் சாவியையும் கோபத்தையும் ஒரே பிடியில் வைத்திருக்கிற மூதாட்டி. கிராக்னெல் தன் வயதுக்கு மேல் பத்துப் பதினைந்து வருடமாவது ஏற்றியாக வேண்டும். அதுவும் வாரக்கணக்கில், முகத்துக்கு நேரே காமிரா நிற்க.

அந்தப் பதினைந்து வருடத்தை ஒப்பனையில் தேடினால் அதிகம் அகப்படாது. நடையில் கொஞ்சம் இருக்கும். மிச்சமெல்லாம் குரலில் இருக்கிறது. தொடரின் ஏதாவது ஒரு பகுதியைப் போட்டு, படத்தைப் பார்க்காமல் ஐந்து நிமிடம் கேளுங்கள். யார் எங்கே நிற்கிறார்கள், மேகி திரும்பி நின்று பேசுகிறாளா, எதையாவது மறைக்கிறாளா என்பதெல்லாம் காதிலேயே விழும். இது தற்செயல் இல்லை. கிராக்னெல் தொழில் கற்றது 1940களின் நடுவில், சிட்னி வானொலி நாடகங்களில். அங்கே கற்றதைத்தான் அடுத்த ஐம்பது வருடமும் மேடையிலும் சின்னத்திரையிலும் சினிமாவிலும் செலவழித்தார் என்பது என் கட்சி.

அவர் பிறந்தது 1925 ஜூலை 6, நியூ சவுத் வேல்ஸில் ஹண்டர் ஆற்றங்கரை ஊரான மெய்ட்லண்டில். வளர்ந்தது சிட்னியில். இருபது வயதை ஒட்டி வானொலிக்கு வந்தார். வந்த காலம் நல்ல காலம். போருக்கு முன்பு வரை ஆஸ்திரேலியத் தனியார் நிலையங்கள் அமெரிக்காவிலிருந்து தட்டுகளில் பதிந்து வந்த தொடர்களை ஓட்டிக்கொண்டிருந்தன. போர்க்கால இறக்குமதிக் கட்டுப்பாடு அந்த வரத்தை அடைத்தது. ஓட்ட நாடகம் வேண்டும், வெளியிலிருந்து வராது. ஆகவே சிட்னியிலேயே தயாரிப்புக் கூடங்கள் பெருகின. டெக்சஸில் பிறந்து ஆஸ்திரேலியாவில் குடியேறிய கிரேஸ் கிப்சன் 1944இல் சொந்த நிறுவனம் தொடங்கி, அமெரிக்கப் பிரதிகளை வாங்கி உள்ளூர் நடிகர்களை வைத்துப் பதிவு செய்தார். ஏபிசியும் தன் பங்குக்கு நாடகங்களைத் தயாரித்தது. 1949இல் தொடங்கிய அதன் ‘புளூ ஹில்ஸ்’ 1976 வரை 5,795 பகுதிகள் ஓடியது. தொலைக்காட்சி 1956 செப்டம்பரில்தான் வந்தது. அதுவரை நடிப்பை வைத்துப் பிழைக்க விரும்பியவர்களுக்கு மைக்தான் சோறு போட்டது.

அந்த மைக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அது தெரியாமல் அந்தத் தலைமுறையின் நடிப்பு புரியாது.

அன்றைய நாடகக் கூடங்களில் வழக்கமாக இருந்தது ரிப்பன் மைக். இரண்டு காந்தங்களுக்கு இடையே மெல்லிய அலுமினிய நாடா தொங்கும். குரல் பட்டு அது அசைவதே மின்சாரமாகிறது. நாடா என்பதால் முன்னும் பின்னும் கேட்கும். இரண்டு பக்கவாட்டும் செவிடு. எட்டு என்ற எண்ணைத் தரையில் படுக்க வைத்தது போன்ற கேட்கும் வட்டம். இதனால் இரண்டு பேர் மைக்குக்கு இருபுறமும் எதிரெதிரே நின்று, முகம் பார்த்துப் பேசலாம். யாராவது அறையை விட்டு வெளியே போக வேண்டுமா? உண்மையில் நடந்து போக வேண்டாம். முன்பக்கத்திலிருந்து பக்கவாட்டுக்கு இரண்டு அடி நகர்ந்தால், கேட்பவருக்கு அவர் கூடத்தைக் கடந்து வாசல்வரை போய்விட்டார். நகரும் வேகமும் வசனத்தின் நீளமும் பொருந்த வேண்டும். வசனம் முடிவதற்குள் செவிட்டுப் பக்கத்துக்குப் போய்விட்டால் கடைசிச் சொல் காணாமல் போகும். பெரும்பாலும் கதையே அந்தக் கடைசிச் சொல்லில்தான் இருக்கும்.

சாதாரணப் பேச்சுக்கு வாய்க்கும் மைக்குக்கும் ஏறக்குறைய ஒரு முழ தூரம். அதைவிட நெருங்கினால் ரிப்பன் மைக் அடிக்குரலைப் பெருக்கிக் காட்டும். மெலிந்த குரல்காரிகூடத் தொண்டை கட்டியவளாகத் தோன்றுவாள். காதல், இரகசியம், சதி எல்லாம் அந்த நெருக்கத்தில் பேசப்பட்டவை. கத்த வேண்டிய இடத்தில் ஓரடி பின்வாங்கி முகத்தைச் சற்றுத் திருப்ப வேண்டும். குரலைக் குறைக்கக் கூடாது. குரலைக் குறைத்துக் கத்தினால் அது கத்தல் இல்லை, கத்தலைப் பற்றிய தகவல். இன்னொன்று, உதடு மூடித் திறக்கும் ஒலிகள். ‘ப’வில் தொடங்கும் சொல்லை நேராக ஊதினால் நாடா அடித்துக்கொண்டு ‘தொப்’ என்று கேட்கும். மைக்கை நோக்கிப் பேசாமல் மைக்கைக் கடந்து பேசப் பழகியவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

பிறகு காகிதம். வானொலி நடிகர் மனப்பாடம் செய்வதில்லை. பிரதியைக் கையில் வைத்துப் படிக்கிறார். பின் குத்திய பிரதியைத் திருப்பினால் சரசரப்பு பதிவாகும். எனவே பின்னைக் கழற்றிவிட்டு, முடிந்த தாளை அடுத்த தாளுக்குப் பின்னால் நழுவ விடுவார்கள், அல்லது கம்பளத்தின்மேல் மெதுவாக விழ விடுவார்கள். ஏட்டின் கடைசி வரியைப் படிக்கும்போது கண் அடுத்த ஏட்டின் முதல் வரியில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வாக்கியத்தின் நடுவில் ஒரு மயிரிழைத் தயக்கம் விழும். பாத்திரம் பொய் சொல்கிறது என்று கேட்பவர் நினைத்துக்கொள்வார். மூச்சு எடுக்கும் இடம், அழுத்தும் சொல், எதிராளி குறுக்கிடும் இடம் மூன்றையும் பென்சிலில் குறித்துக்கொள்வது வழக்கம். பேனா ஆகாது. ஒத்திகையில் எல்லாம் மாறும்.

டேப் பரவலாவதற்கு முன் பதிவு நடந்தது தட்டில். 16 அங்குல அலுமினியத் தகடு, அதன்மேல் அரக்குப் பூச்சு. நாடகம் நடக்க நடக்க ஊசி அதில் நேராக வெட்டிக்கொண்டே போகும். நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேகத்தில் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 15 நிமிடம் கொள்ளும். விளம்பரத்துக்கு இடம் விட்டால் கால்மணித் தொடரில் நாடகத்துக்கு மிஞ்சுவது 12 நிமிடம் சொச்சம். வெட்டிய தட்டை ஒட்ட முடியாது. பதினோராவது நிமிடத்தில் யாராவது நாக்குக் குழறினால் புதுத் தட்டு எடுத்து முதல் வரியிலிருந்து தொடங்க வேண்டும். பணம் போட்டவர் பார்த்துக்கொண்டிருப்பார். மற்ற நடிகர்களுக்கு அடுத்த கூடத்தில் அடுத்த வேலை காத்திருக்கும். தப்பே செய்யாதவர்களுக்குத்தான் திரும்ப அழைப்பு வரும். ஒரே ஒத்திகை, உடனே பதிவு என்ற அந்த வேகத்தில் பழகியவர்கள் பின்னாளில் தொலைக்காட்சிக் கூடத்தில் பதறாமல் இருந்ததில் வியப்பில்லை.

கிழக்குரல் விஷயத்துக்கு வருவோம். வானொலியில் இருபது வயதுப் பெண் எழுபது வயதுக்காரியாகப் பேசுவது அன்றாடம். ஒரே காட்சியில் பேத்தியும் பாட்டியும் ஒருத்தியே என்பதும் உண்டு. கற்றுக்குட்டி உடனே குரலை நடுங்க வைப்பாள். கேட்டால் ஆடு கத்துவது போலிருக்கும். வயது அப்படி வருவதில்லை. மூச்சின் கொள்ளளவு குறைவதால் வாக்கியம் துண்டாகிறது. ஒரே மூச்சில் சொல்ல வேண்டியதை இரண்டாகப் பிரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது, பிரியும் இடமும் இலக்கணப்படி விழாது. வாய் உலர்வதால் மெய்யெழுத்துகளைக் கவனமாக, கிட்டத்தட்ட மரியாதையாக உச்சரிக்கிறார்கள். பதில் கொஞ்சம் தாமதமாகப் புறப்படுகிறது. புறப்பட்டபின் வேகம் குறைவதில்லை. இவற்றோடு மைக்கிலிருந்து அரையடி பின்னால் நின்றால் அடிக்குரல் வற்றி, ஒலி மெலிந்து எலும்பாகும். நடுக்கம் கடைசியில் சேர்க்கும் உப்பு.

இதே செய்முறையை மேகியிடம் கேட்கலாம். கிராக்னெலின் இயல்பான குரல் தாழ்ந்தது, படித்த குடும்பத்துத் தோரணை கொண்டது. அதை அவர் மறைக்கவில்லை. மேகி நன்றாக வளர்க்கப்பட்ட பெண், அதை மறக்க மாட்டாள், மற்றதை மறப்பாள். குரலின் உயரத்தை விட்டுவிட்டு மூச்சின் நீளத்தை மட்டும் குறைத்தார்.

வானொலிக்கும் மேகிக்கும் இடையிலான முப்பத்துச் சொச்சம் வருடத்தில் மேடை நிறைய இருக்கிறது. சிட்னி பிலிப் தெருவின் நையாண்டிக் கதம்ப நிகழ்ச்சிகள் அவருக்கு நகைச்சுவையின் இன்னொரு பாதியைக் கொடுத்தன. ஒரு துணுக்கு மூன்று நான்கு நிமிடம், உள்ளே போய் உடை மாற்றி இன்னொருத்தியாக வெளியே வர வேண்டும். பாத்திரத்தை அறிமுகப்படுத்த நேரமே கிடையாது. முதல் வரியிலேயே அவள் யார் என்று தெரிந்தாக வேண்டும். பின்னாளில் ஆஸ்கார் ஒயில்டின் ‘தி இம்பார்ட்டன்ஸ் ஆஃப் பீயிங் எர்னஸ்ட்’ நாடகத்து லேடி பிராக்னெலாகவும் புகழ் பெற்றார். பிராக்னெலாகக் கிராக்னெல்; சுவரொட்டி அச்சிட்டவர்கள் எத்தனை முறை தடுமாறினார்களோ. அந்த வேடத்தில் ஒரு பொறி இருக்கிறது. ‘கைப்பையா?’ என்று வியந்து கேட்கும் அந்த ஒரு வரியை, நாடகத்தின் 1952 படத்தில் ஈடித் எவன்ஸ் நீட்டி இழுத்துச் சொன்ன விதம் அப்படியே உறைந்துவிட்டது. பிறகு யார் நடித்தாலும் அந்த வரி வரும்போது அரங்கமே முன்கூட்டிக் காது கொடுக்கிறது. அதைப் போலச் சொன்னால் நகல், மாற்றிச் சொன்னால் ஏமாற்றம்.

‘மதர் அண்ட் சன்’ தொடரை எழுதியவர் ஜெஃப்ரி ஆதர்டன், இயக்கியவர் ஜெஃப் போர்ட்மன். 1984 முதல் 1994 வரை ஆறு பருவங்கள், மொத்தம் 42 பகுதிகள். பத்து வருடத்துக்கு 42 என்பது சொற்பம். பருவத்துக்கு ஏழுதான் வருகிறது. ஆனால் எல்லாவற்றையும் ஒரே கை எழுதியது, அதனால் தளர்ந்த இடங்கள் குறைவு. கதை எந்த ஊருக்கும் பொருந்தும். விவாகரத்தான பத்திரிகையாளன் ஆர்தர் அம்மாவோடு இருந்து பார்த்துக்கொள்கிறான். சகோதரன் ராபர்ட் பல் மருத்துவன், வசதியானவன், எப்போதாவது தலைகாட்டுவான். பார்த்துக்கொள்கிற பிள்ளைக்குத் திட்டு, எட்டிப் பார்க்கிற பிள்ளைக்குப் புகழ். ராபர்ட்டாக ஹென்றி செப்ஸும் அவன் மனைவி லிஸ்ஸாக ஜூடி மாரிஸும் நடித்தார்கள்.

ஞாபக மறதியைச் சிரிப்புக்கு எடுப்பதில் அசிங்கமாகிவிடும் ஆபத்து பெரிது. மறதியை ‘நடிப்பது’தான் முதல் தவறு. கண்ணை அலைய விடுவது, நெற்றியைத் தேய்ப்பது, வார்த்தைக்குத் தடுமாறுவது. அப்படிச் செய்தால் பாத்திரம் நோயாளியாகி, சிரிப்பவர் குற்றவாளியாகிவிடுவார். கிராக்னெலின் மேகி எதையும் மறந்ததாக ஒப்புக்கொள்வதே இல்லை. முழு நிச்சயத்தோடு பேசுகிறாள். உதாரணத்துக்கு, தேநீர் வேண்டுமா என்று நான்காவது முறை கேட்கிற ஒருத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நான்காவது கேள்வி முதல் கேள்வியைவிட ஒரு துளியும் களைத்திருக்கக் கூடாது. அதே புத்துணர்ச்சி, அதே விருந்தோம்பல். களைப்பு முழுவதும் ஆர்தரின் முகத்தில் ஏறட்டும். நகைச்சுவை அந்த இருவருக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தில் பிறக்கிறது. மெக்டொனால்டின் பங்கைக் குறைத்துச் சொல்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை. அவர் வாங்கிக்கொள்ளாமல் இருந்தால் அவளுடைய நிச்சயம் வெறும் உளறலாகிவிடும்.

அதன்மேல் இன்னொரு அடுக்கு. மேகி நிஜமாகவே மறந்தாளா, அல்லது மகனைக் கட்டிப்போட மறந்ததாகக் காட்டுகிறாளா? எழுத்தில் இரண்டுக்கும் இடமிருக்கிறது. நடிகை ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பார்வையாளருக்குக் கண்சிமிட்டினால் தொடர் முடிந்தது. கிராக்னெல் சிமிட்டவில்லை. குரலில் இரண்டுக்கும் ஒரே மூச்சு, ஒரே தாளம். தந்திரமான வரியையும் அப்பாவி வரியையும் அடுத்தடுத்துக் கேட்டால் பிரித்துச் சொல்ல முடியாது. பத்து வருடம் இந்தக் கயிற்றின்மேல் நடந்தார்.

சிரிப்பொலியோடு ஓடும் ஸ்டூடியோ நகைச்சுவையில் கைவேலைக்கு ஒரு சட்டம் உண்டு. கோப்பையை வைப்பது, கதவைச் சாத்துவது, பையை மூடுவது எதுவும் சிரிப்பு வரவேண்டிய சொல்லின்மேல் விழக் கூடாது. ஒரு நொடி முன்னால், அல்லது சொல் முடிந்தபின். சொல்லின்மேல் விழுந்தால் பீங்கான் ஒலி மெய்யெழுத்தைத் தின்றுவிடும், சிரிப்பு வராது, நடிகருக்கோ ஏன் என்று புரியாது, அடுத்த முறை சத்தமாகச் சொல்லிப் பார்ப்பார், அப்போதும் வராது. மேகி சமையலறையில் எந்நேரமும் எதையாவது உருட்டிக்கொண்டேயிருக்கிறாள். அவள் பாத்திரம் ஒலிக்கும் இடங்களையும் வசனம் விழும் இடங்களையும் கவனித்தால் இரண்டும் உரசுவதே இல்லை. வானொலியில் ஸ்பூன் ஒலியை வேறொருவர் எழுப்ப, விழுங்கும் ஒலியை மட்டும் தான் எழுப்பி, இரண்டையும் வாக்கியத்தின் இடைவெளியில் கோத்துப் பழகியவர்களுக்கு இது கை வந்த வித்தை.

சிரிப்புக்குக் காத்திருப்பதும் கணக்குத்தான். சிரிப்பு உச்சத்துக்குப் போய் இறங்கத் தொடங்கும்போது அடுத்த வரியை எடுக்க வேண்டும். முழுவதும் அடங்கும்வரை நின்றால் காட்சி தொய்யும். உச்சத்திலேயே பேசினால் வரி மூழ்கும். அந்த இரண்டு மூன்று நொடி முகம் சும்மா இருக்கக் கூடாது, காத்திருப்பதாகவும் தெரியக் கூடாது. வானொலியில் இரண்டு நொடி மௌனம் விழுந்தால் நிலையம் நின்றுவிட்டதோ என்று கேட்பவர் குமிழைத் திருகத் தொடங்குவார். ஆகையால் அந்தக் கால நடிகைகள் மௌனத்தை மூச்சால் நிரப்பப் பழகினார்கள்: உள்ளிழுத்து நிறுத்துவது, மூக்கால் விடுவது, நாக்கை மேலண்ணத்திலிருந்து எடுப்பது. மேகியின் மௌனங்களில் இந்த மூன்றையும் கேட்கலாம். ஆர்தர் ஏதோ சொல்கிறான், ஒரு சின்ன மூச்சு உள்ளே போகிறது, பதில் இன்னும் வரவில்லை, அரங்கம் சிரித்துவிட்டது.

சினிமா அவரை அதிகம் பயன்படுத்திக்கொள்ளவில்லை. 1958இல் ‘ஸ்மைலி கெட்ஸ் எ கன்’ படத்தில் ஒரு சிறு வேடம். இருபது வருடம் கழித்து, 1978இல், ஒரே ஆண்டில் இரண்டு. ஃப்ரெட் ஸ்கெப்பிசியின் ‘தி சான்ட் ஆஃப் ஜிம்மி பிளாக்ஸ்மித்’தில் கோடரிக்குப் பலியாகும் பண்ணை வீட்டுப் பெண்களில் ஒருத்தியான திருமதி நியூபி. பாட்ரிக் வைட் எழுதி ஜிம் ஷார்மன் இயக்கிய ‘தி நைட், தி ப்ரௌலர்’ படத்தில் சிட்னிப் புறநகரின் பகட்டுத் தாய். இரண்டாவது படம் பலருக்குப் பிடிக்காது. ஆனால் மேகிக்கு முன்னோட்டம் வேண்டுமென்றால் அங்கேதான் இருக்கிறது. அங்கே அந்தத் தாய்க்கு ஞாபகம் சரியாக வேலை செய்கிறது, அதனால் சிரிப்பு கசக்கிறது.

கதாநாயகி வேடம் கிடைக்க 1994 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பில் பென்னட்டின் ‘ஸ்பைடர் அண்ட் ரோஸ்’. மருத்துவமனையிலிருந்து ஊருக்குத் திரும்பும் முதியவளையும், அன்றோடு வேலையை முடித்துக்கொள்ளப்போகும் இளம் ஆம்புலன்ஸ் ஓட்டுநரையும் (சைமன் பாசெல்) ஒரே வண்டியில் ஏற்றும் கதை. வண்டிக்குள் நடக்கும் படம் ஒலிக்காரருக்குத் தலைவலி. இஞ்சின், டயர், காற்று மூன்றும் குரலின் அடிப்பகுதியில்தான் உட்காரும். இப்படிப்பட்ட காட்சிகளில் மிஞ்சாத வரிகளைப் பிறகு ஒலிக்கூடத்தில் திரையைப் பார்த்துப் பேசிச் சேர்ப்பது வழக்கம். மூன்று ‘பீப்’ கேட்கும், நான்காவது விழ வேண்டிய இடத்தில் வாய் திறக்க வேண்டும். உதடு பொருந்தினால் மட்டும் போதாது. ஓடும் வண்டியில் சத்தத்துக்கு மேல் பேசிய தொண்டையின் இறுக்கம் அமைதியான கூடத்தில் மறந்துபோகும். குரல் ஓய்வாக வரும். திரையில் அந்த ஆள் வேறு வண்டியில் உட்கார்ந்திருப்பது போல் தெரியும். இறுக்கத்தையும் சேர்த்து ஞாபகம் வைத்திருப்பவர்களுக்கே இந்த வேலை கைவரும்.

‘லிலியன்ஸ் ஸ்டோரி’ (1996) எனக்கு மிகப் பிடித்தது. கேட் கிரென்வில் நாவலிலிருந்து ஜெர்சி டொமரட்ஸ்கி இயக்கியது. மூல உருவம் சிட்னித் தெருக்களில் காசு வாங்கிக்கொண்டு ஷேக்ஸ்பியர் ஒப்பித்துத் திரிந்த பீ மைல்ஸ் என்ற நிஜப் பெண். இளம் லிலியன் டோனி கொலெட், முதிய லிலியன் கிராக்னெல். ஒரே பாத்திரத்தை இருவர் பங்கிடும்போது மூக்கும் தாடையும் பொருந்துகிறதா என்று பார்ப்பார்கள். அதைவிடப் பார்வையாளரை ஏமாற்றுவது பேச்சின் தாளம்: வாக்கியத்தின் எந்தச் சொல்லில் எடை விழுகிறது, எங்கே மூச்சு நிற்கிறது. கிராக்னெலின் லிலியன் ஷேக்ஸ்பியரைச் சொல்லும்போது மேடைத் தோரணையைத் தெருவுக்கு இறக்கிவிடுகிறார். டாக்சிக்குள்ளும் நடைபாதையிலும் அந்தக் குரலுக்கு இடம் போதவில்லை. அதுதான் லிலியனின் பிரச்சினையும்.

1997இல் நினைவுக்குறிப்பு எழுதினார். அடுத்த வருடம் கணவர் எரிக் பிலிப்ஸோடு வெனிஸ் போன இடத்தில் கணவர் நோயில் விழுந்தார், பிறகு இறந்தார். அதைப் பற்றிய நூல் 2000இல் வந்தது. 2001இல் ஆஸ்திரேலியத் தொலைக்காட்சிக்கான லோகி விருதுகளின் புகழ்மண்டபத்தில் சேர்க்கப்பட்டார். அங்கே இடம் பெற்ற முதல் பெண் அவர்தான். அந்தத் தேர்வு 1984இலிருந்து நடக்கிறது என்பதை அருகில் வைத்துப் பார்க்கவும். 2002 மே 13 அன்று, 76 வயதில், சிட்னியில் மறைந்தார்.

2023இல் ஏபிசி ‘மதர் அண்ட் சன்’ தொடரைப் புதிதாக எடுத்தது. மேகியாக டெனிஸ் ஸ்காட், ஆர்தராக மாட் ஒகைன். இரண்டையும் ஒப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் யார் மேல் என்ற சண்டைக்குப் போய்விடுகிறார்கள். தொழில்ரீதியான வித்தியாசம் வேறு. புதியதில் அரங்கச் சிரிப்பு இல்லை. வரிக்கும் வரிக்கும் இடையே இறங்கும் அலைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை, ஒருவர் பேச்சில் ஒருவர் ஏறலாம். ஸ்காட் மேடையில் தனியாக மைக் பிடித்து ஜோக் சொல்லி வளர்ந்தவர். கைமைக்கை வாயோடு ஒட்டிப் பிடித்துப் பழகிய குரல் அது. அவருடைய மேகி அருகிலிருந்து பேசுகிறாள். கிராக்னெலின் மேகி எப்போதும் ஒரு முழம் தள்ளி நின்றாள்.